பந்து வராத பிள்ளை: சிறுவர் கால்பந்தில் சிலர் ஏன் வெறுமனே நிற்கிறார்கள்?

ஜெர்மனியில் 2024-25 சீசன் முதல் சிறு பிள்ளைகளின் கால்பந்து வேறு ஆட்டம்போல ஆகிவிட்டது. 6, 7 வயதில் அணிக்கு 2 அல்லது 3 பேர்தான். மைதானத்தில் 4 குட்டி கோல்கள். கோல்கீப்பர் கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் 2026-27 சீசனிலிருந்து 7 வயதுக்குட்பட்டோருக்கு 3க்கு 3 என்று அறிவித்தது. அதற்கு முன் அங்கே அந்த வயதில் 5க்கு 5.

இந்த நாடுகளில் வார இறுதிதோறும் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போகும் பெற்றோரில் தமிழர்களும் நிறையப் பேர். இது கால்பந்தா, விளையாட்டுக் காட்டலா என்று பலருக்குக் குழப்பம். இன்னொரு பக்கம், இதே பெற்றோருக்கு ரொம்ப நாளாக ஒரு கவலையும் உண்டு: பிள்ளை பயிற்சியில் நன்றாக ஆடுகிறது, ஆட்டம் தொடங்கியதும் ஓரமாக நின்றுவிடுகிறது. பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம்தான்.

முதலில் கணக்கு

11 பேர் ஆட்டத்தில் 22 பேருக்கு ஒரு பந்து. பெரியவர்களின் 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் 55 முதல் 60 நிமிடம். மீதி நேரம் ஃப்ரீ கிக், த்ரோ-இன், காயம், வாக்குவாதம். ஓர் ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சராசரியாக 3 நிமிடம்தான் என்பார் நெதர்லாந்தின் புகழ்பெற்ற வீரரும் பயிற்சியாளருமான யோஹான் க்ரைஃப். மீதி 87 நிமிடம் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் ஒரு வீரரை எடைபோட்டார்.

இதைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசம்.

1. முழு அளவு மைதானம் 105க்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர் வருகிறது. 9 வயதுக் காலுக்கு அது ஒரு வயல்.

2. அந்த வயதுப் பிள்ளையால் 10, 15 மீட்டர் வரைதான் குறிபார்த்துப் பாஸ் கொடுக்க முடியும். அதற்கு அப்பால் நிற்பவர் அணியில் இருந்தாலும் ஆட்டத்தில் இல்லை. 30 மீட்டர் தள்ளி நிற்கும் பையன் “எனக்குப் பந்து வராது” என்று நினைத்தால் அவன் சோம்பேறி அல்ல. அவன் போட்ட கணக்கு சரி.

3. இருக்கும் பந்தும் சமமாகப் பிரிவதில்லை. உயரமும் வேகமும் உள்ள இரண்டு மூன்று பேர் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஆட்டம் முழுக்க அவர்களுக்கே பயிற்சி கிடைக்கும், இடைவெளி வாராவாரம் பெருகும்.

பெல்ஜியம் இதை உட்கார்ந்து எண்ணியே பார்த்தது. சொந்த மண்ணில் நடந்த யூரோ 2000 போட்டியில் முதல் சுற்றோடு வெளியேறியதும், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சாப்லோன் தலைமையில் இளையோர் கால்பந்தை மறுபரிசீலனை செய்தார்கள். லூவேன் பல்கலைக்கழகத்தின் துணையோடு சுமார் 1,500 இளையோர் ஆட்டங்களின் வீடியோக்கள் ஆராயப்பட்டன. மிகச் சிறிய பிள்ளைகள் அரை மணி நேர ஆட்டத்தில் பந்தைத் தொட்டது சராசரியாக இரண்டே முறை! அதன்பிறகு அங்கே 2க்கு 2, 5க்கு 5, 8க்கு 8 என்று படிப்படியாக ஏறும் முறை வந்தது. 7, 8 வயதுக்குட்பட்டோருக்கான புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். 2015இல் பெல்ஜியம் ஃபிஃபா தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம். இந்த ஒரு மாற்றத்தால்தான் அது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அரை மணிக்கு இரண்டு தொடுதல் என்ற கணக்கைப் பார்த்தபிறகு பழைய முறையையே தொடர்வதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைட்டெட் கிளப்பின் அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளி) 2002-03 காலத்தில் நடந்த சோதனையும் இதே பக்கம்தான் பேசியது. 9 வயதுக்குட்பட்டோர் 8க்கு 8 ஆடியதையும் 4க்கு 4 ஆடியதையும் ஒப்பிட்டார்கள். 4க்கு 4இல் பாஸ்கள் 135 சதவீதம் கூடுதல், கோல் முயற்சிகள் 260 சதவீதம் கூடுதல், ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோதியது 225 சதவீதம் கூடுதல். பயிற்சியாளர் மாறவில்லை, யாரும் யாரையும் திட்டவுமில்லை. ஆள் எண்ணிக்கைதான் குறைந்தது.

பந்தைத் தொட்டால்தான் ஈடுபாடா?

இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுக்கி விழுகிறார்கள். தொடுவதை மட்டும் எண்ணினால், பந்தைத் துரத்திக்கொண்டே ஓடும் பிள்ளை நன்றாக ஆடுவதுபோலவும் நின்று பார்க்கும் பிள்ளை தூங்குவதுபோலவும் தெரியும். 6 வயதுக் கூட்டத்தில் எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்க்கும்போது கூட்டத்துக்கு வெளியே ஒரு குழந்தை நிற்கிறதா? சில சமயம் அங்கே யோசிக்கிற ஒரே ஆள் அதுதான். பந்து வெளியே சிதறினால் அதன் காலுக்குத்தான் வரும்.

ஈடுபாடு என்பதை இப்படிப் பிரிக்கலாம்:

1. பந்தோடு: பாஸ், டிரிபிள் (பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடுவது), ஷாட்.

2. பந்துக்குப் பக்கத்தில்: பந்து வைத்திருக்கும் தோழனுக்குப் பாஸ் கொடுக்க வழி தெரிகிற இடத்தில் வந்து நிற்பது. எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு “பாஸ், பாஸ்” என்று கத்துவது இதில் சேராது.

3. பந்துக்குத் தூரத்தில்: வேண்டுமென்றே விலகி ஓரத்துக்குப் போய் எதிரணியை விரிப்பது. இது கடினமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா நிற்பதாகவே தெரியும்.

4. பந்து எதிரணியிடம் இருக்கும்போது: மிக அருகில் இருப்பவர் நெருக்குவது, அடுத்தவர் பின்னால் காப்பது.

இந்த நான்குக்கும் அடியில் இருப்பது பார்ப்பது. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, யார் எங்கே என்று படித்துக்கொள்வது. நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெயிர் யோர்டெட் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர்களை இதற்காகவே படம்பிடித்து எண்ணினார். ஃப்ராங்க் லாம்பார்டு வினாடிக்கு 0.62 முறை, அதாவது 10 வினாடிக்குச் சுமார் 6 முறை தலையைத் திருப்பிப் பார்த்தார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்கள் சரியாகப் போய்ச் சேரும் விகிதமும் அதிகமாக இருந்தது. ஓரமாக நிற்கும் பிள்ளைகள் பலர் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பந்து காலுக்கு வந்தபிறகுதான் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் எதிராளி வந்துவிடுவான், பந்து போய்விடும், பின்னாலிருந்து யாராவது திட்டுவார்கள். இப்படி நான்கு முறை நடந்தால் ஐந்தாவது முறை பிள்ளை பந்து வராத இடமாகப் பார்த்து நிற்கத் தொடங்கும். பயம் என்று நாம் சொல்வதன் பாதி, நேரத்துக்குத் தகவல் கிடைக்காததுதான்.

பிறந்த மாதமும் ஒரு காரணம்

ஜெர்மனியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் செப்டம்பர் 1இல். ஒரே அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருப்பார்கள். 8 வயதில் 11 மாத வித்தியாசம் என்பது வாழ்க்கையில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. உயரம், வேகம், கவனம் எல்லாவற்றிலும் அது தெரியும். முந்திப் பிறந்தவன் ‘திறமைசாலி’ என்று பெயர் வாங்குவான், அதிக நேரம் ஆடுவான், அதனால் நிஜமாகவே திறமைசாலியாக வளர்வான். ஐரோப்பிய அகாடமிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சேதி. ஓரத்தில் நிற்கும் பிள்ளையைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அதன் பிறந்த தேதியைப் பார்ப்பது நல்லது.

ஜெர்மன் விதிகள் எதைச் சரிசெய்கின்றன?

நான்கு கோல் யோசனையைப் பரப்பியவர் ஹார்ஸ்ட் வைன். ஹாக்கியிலிருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மன் பயிற்சியாளர். ஒவ்வோர் அணிக்கும் தாக்க இரண்டு கோல், காக்க இரண்டு கோல். ஒரு கோலை அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும். எனவே பந்தோடு இருப்பவன் தலையைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும். “தலையைத் தூக்கு” என்று வெளியிலிருந்து கத்துவதைவிட இது பலனுள்ள வழி, தொண்டையும் மிச்சம்.

மற்ற விதிகளையும் இதேபோலப் படிக்கலாம்:

1. கோலுக்கு அருகே குறித்த பகுதிக்குள் வந்து அடித்தால்தான் கோல். பலசாலி ஒருவன் நடுக்கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை முடித்துவிட முடியாது.

2. கோல் விழுந்ததும் இரண்டு அணியிலும் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. வரிசை முன்பே முடிவானது. பயிற்சியாளர் தனக்குப் பிடித்தவனைக் கடைசிவரை உள்ளே வைத்திருக்க முடியாது.

3. ஆட்டங்கள் சில நிமிடங்களே. பக்கத்துப் பக்கத்தில் பல சிறு மைதானங்கள். வென்ற அணி ஒரு மைதானம் மேலே ஏறும், தோற்ற அணி ஒன்று கீழே இறங்கும். இரண்டு மூன்று சுற்றில் ஏறக்குறையச் சமபலம் உள்ளவர்கள் எதிரெதிரே வந்துவிடுவார்கள். 14-0 என்ற கொடுமை நடக்க வாய்ப்பே இல்லை.

4. கோல்கீப்பர் இல்லாததால், பந்து வராமல் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு பிள்ளை கம்பத்துக்கு நடுவே நிற்கவேண்டியதில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அப்போது ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் டோர்ட்மண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாகவும் இருந்த ஹான்ஸ்-யோக்கிம் வாட்ஸ்கே 2023இல் இதைக் கடுமையாகக் கேலி செய்தார். இப்படியே போனால் பந்தே இல்லாமல் ஆடுவோம், இல்லையென்றால் மெதுவான பிள்ளைகளிடமிருந்து ஓடிப்போகாதபடி பந்தைச் சதுரமாகச் செய்துவிடுவோம் என்றார். 2018, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஜெர்மனி முதல் சுற்றைத் தாண்டாத நேரம் அது. தோல்வியைத் தாங்காத பிள்ளைகள் வெல்லவும் கற்கமாட்டார்கள் என்பது அவர் தரப்பின் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. அது குறிவைத்த இடம்தான் தவறு. 3க்கு 3இல் கோல்களை யாரும் மறைப்பதில்லை. ஒரு காலைப் பொழுதில் ஒரு பிள்ளை பலமுறை வெல்கிறது, பலமுறை தோற்கிறது. தோற்றால் ஒரு மைதானம் இறங்கவும் வேண்டும். சீசன் முழுவதற்குமான பட்டியல்தான் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் பெரியவர்கள். சொல்லப்போனால், ஒளிந்துகொள்ள இடமில்லாத 3க்கு 3தான் பிள்ளைக்குக் கடுமையான ஆட்டம்.

குறையும் உண்டு. நீண்ட பாஸ், ஆஃப்சைடு, பெரிய கோல், கோல்கீப்பிங் எதுவும் இதில் வராது. அவை பிறகு வருபவை என்பதால்தான் வயதுக்கு ஏற்ப ஆள் கூட்டும் ஏணி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017 முதல் 8 வயதுக்குட்பட்டோருக்கு 4க்கு 4, 10 வரை 7க்கு 7, 12 வரை 9க்கு 9. 13 வயதுப் பிரிவில்தான் 11க்கு 11. அங்கே 7 பேர் ஆட்டத்தில் ஒரு கூடுதல் கோடு உண்டு. கோல்கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும், கோல்கீப்பரும் பந்தைத் தூக்கி உதைக்கக்கூடாது. பந்து டிஃபெண்டர்களின் தலைக்கு மேலே பறக்காமல் அவர்கள் கால் வழியாகப் போக இந்த ஒரு கோடு போதும்.

7 பேர், 9 பேர் ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்யக்கூடியவை

விதியை மாற்ற எல்லோராலும் முடியாது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஏற்கெனவே குறித்த ஆட்டத்துக்குத்தான் அணியைக் கொண்டுபோகிறார்கள். சரி, அதற்குள் என்ன செய்யலாம்?

1. இடத்தைப் புள்ளியாகச் சொல்லாதீர்கள். “நீ லெஃப்ட் பேக் (இடது ஓரத்தில் காப்பவன்), இங்கே நில்” என்றால் பிள்ளை அப்படியே நிற்கும். 7 பேர் ஆட்டத்தில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது: நம் அணி எதிர் கோல் அருகே தாக்குகிறது; நம் டிஃபெண்டர் இருவர் சொந்தப் பெனால்டி பகுதியில் கோல்கீப்பரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பந்துக்கும் அவர்களுக்கும் நடுவே அரை மைதானம் காலி. பந்து எதிரணியிடம் போனதும் அந்தக் காலி இடத்தில் எதிராளி யாரும் தடுக்காமல் ஓடிவருகிறான். நம் டிஃபெண்டர்கள் நடுக்கோடு வரை ஏறியிருந்தால் தெறித்து வரும் ஒவ்வொரு பந்தும் அவர்களுக்குத்தான். “பந்து முன்னே போனால் நீயும் முன்னே, பந்து பின்னே வந்தால் நீயும் பின்னே” என்று சொன்னால் 8 வயதுக்குப் புரியும்.

2. பார்ப்பதைப் பழக்குங்கள். இருவர் பாஸ் ஆடும்போது மூன்றாமவர், பந்து வாங்கப்போகும் பிள்ளைக்குப் பின்னால் நின்று சிவப்பு அல்லது மஞ்சள் கூம்பைத் தூக்கிக் காட்டட்டும். பந்து காலில் படுவதற்கு முன் நிறத்தைச் சொல்ல வேண்டும். சிவப்பென்றால் வந்த வழியே திருப்பிக் கொடு, மஞ்சளென்றால் திரும்பி ஓடு. பத்து நிமிடம் போதும். முதல் வாரம் பந்து தவறிக்கொண்டே இருக்கும், அது சரிதான்.

3. உடம்பைப் பாதி திருப்பி நிற்கச் சொல்லுங்கள். பந்தை மட்டும் பார்த்து நேராக நிற்பவனுக்குப் பின்னால் இருக்கும் உலகம் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் பந்தும் எதிர் கோலும் ஒரே பார்வையில் விழும்.

4. பாஸ் கொடுத்ததும் நகர வேண்டும். 10 வயதுக்குள் வர வேண்டிய பழக்கம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். பாஸ் கொடுத்துவிட்டு அது எப்படிப் போகிறது என்று ரசித்துக்கொண்டு நிற்பது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது.

5. பயிற்சியில் பொது ஆள் வையுங்கள். நம் தெருக் கிரிக்கெட்டில் ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவனை ஜோக்கராக்கி இரண்டு அணிக்கும் பேட்டிங் ஆட விடுவோமே, அதேதான். 3க்கு 3 நடுவே ஒரு ஜோக்கர். பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு அவர் ஆடுவார். ஒதுங்கும் பிள்ளையை ஜோக்கராக்கினால் எப்போதும் யாராவது அதற்குப் பாஸ் கொடுத்தே தீருவார்கள். பந்தைப் பறிகொடுத்தாலும் ஓடிப்போய்க் காக்க வேண்டிய பாரம் இல்லை.

6. ஆடும் இடத்தை மாற்றுங்கள். தைரியம் குறைந்த பிள்ளையை லெஃப்ட் பேக்கில் ஒளித்துவைப்பது வழக்கம். ஒரு கால்வாசி நேரம் நடுவில் விட்டுப் பாருங்கள். நடுவில் நின்றால் நான்கு பக்கத்திலிருந்தும் பந்து வரும்; ஓரத்தில் ஒரு பக்கம் வெறும் கோடுதான்.

7. வரிசையைக் கலைத்துவிடுங்கள். 12 பேர் ஒரே கோலுக்கு முன்னால் வரிசையில் நின்று ஆளுக்கொரு ஷாட் அடிக்கும் பயிற்சியில் ஒரு பிள்ளை 12இல் 11 பங்கு நேரம் காத்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. பீரியடில் வகுப்பு முழுவதற்கும் ஒரே பந்து விழும் நிலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பந்து குறைவாக இருந்தாலும் கோலாக இரண்டு செருப்பை வைத்து நான்கு மூலையில் நான்கு ஆட்டம் நடத்தலாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் திட்டமும் சிறு அணி, சிறு மைதானம் என்ற இதே வழிதான்.

ஓரக்கோட்டில் நிற்பவர்கள்

“அடி! அங்கே இல்லை, இங்கே! பின்னால் போ!” என்று வெளியிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று பேர் சொல்லும்போது பிள்ளை எதைக் கேட்கும்? யோசிக்கும் வேலையை வெளியிலிருப்பவர் எடுத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பார். காத்திருப்பதுதான் நாம் பார்க்கும் அந்த ‘வெறுமனே நிற்பது’.

ஜெர்மனியின் ஆஹன் பகுதியில் ரால்ஃப் க்ளோர் தொடங்கிவைத்த ஃபேர்ப்ளே லீக் இதற்கு எளிய மூன்று விதி வைத்தது. பிள்ளைகளே தவறுகளைத் தீர்மானிப்பார்கள், ரெஃப்ரி இல்லை. இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் நிற்பார்கள். பெற்றோர் மைதானத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்பார்கள். இங்கிலாந்தில் கைதட்டல் மட்டும் அனுமதித்து, கத்துவதற்குத் தடை போடும் வார இறுதிகளும் நடக்கின்றன.

வாயை அடக்க முடியாத பெற்றோருக்கு ஒரு வேலை தரலாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பந்தைத் தொட்டது, பாஸ் வாங்க இடம் பார்த்து நகர்ந்தது, எதிராளியை நெருக்கியது, தலையைத் திருப்பிப் பார்த்தது. பாதி ஆட்டத்துக்கு உங்கள் பிள்ளையை மட்டும் பார்த்துக் கோடு போடுங்கள். முதல் கட்டம் காலியாகவும் மற்றவை நிறைந்தும் இருந்தால் பிள்ளை ஆடுகிறது, பந்துதான் வரவில்லை. அது பயிற்சியாளரிடம் பேச வேண்டிய விஷயம். நான்கும் காலியென்றால் பிள்ளையிடம் பேசலாம். காரில் ஏறியதும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, “பந்து தூரத்தில் இருந்தப்போ என்ன பார்த்தே?” என்று கேட்டால் பதில் வரும். “ஏன் ஓடலை?” என்று கேட்டால் வராது.

சில பிள்ளைகளுக்கு ஆட்டமே பிடிக்காமல் இருக்கலாம். முகத்தில் பந்து பட்ட பயமோ, அணியில் ஒருவன் கேலி செய்வதோ காரணமாக இருக்கலாம். மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தல்ல, நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

ஏணியின் அடுத்த படிகள்

எண்ணிக்கை கூடும் ஒவ்வொரு முறையும் சிக்கல் திரும்ப வரும். 7இலிருந்து 9க்குப் போகும்போது மைதானம் சட்டென்று பெரிதாகும், ஆஃப்சைடு சேரும், அதுவரை நன்றாக ஆடிய சிலர் மறுபடி காணாமல்போவார்கள். இதனால்தான் இங்கிலாந்து தன் புதிய திட்டத்தில் எல்லாப் படிகளையும் ஓராண்டு தள்ளிப்போடுகிறது: 7 வயதுக்குட்பட்டோர் 3க்கு 3; 8, 9 வயதுப் பிரிவுகள் 5க்கு 5; 10, 11 வயதுக்கு 7க்கு 7; 12, 13 வயதுக்கு 9க்கு 9. முழு 11க்கு 11 ஆட்டம் 14 வயதுப் பிரிவில்தான் தொடங்கும். அதற்கு முன் அது 13.